மூன்றாவது பட்டை

பெண்டிகோவில் சனிக்கிழமை.
பழைய கம்பளிக் கிடங்கில் ஏலம் பத்தரைக்கு.
நான் ஒன்பதுக்கே போய்விடுவேன்,
சாமான்களை மணந்து பார்க்க.

எண்பது வருடக் கம்பளிக்கு
நனைந்த நாயும் அந்துருண்டையும் கலந்த வாடை.
போன மாதம் தைத்துச் சாயத்தில் ஊறப்போட்டதற்குத்
தேயிலை வாடை.
எனக்குத் தெரியாதா தேயிலை.

பிறகு ஊதா ரோச் லைட்.
நைலோன் நூல் பல்லைக் காட்டிவிடும்.
பருத்தி வாய் திறக்காது.

பக்கத்தில் மெர்வின் பக்லி,
குழாய் வேலை பார்த்து ஓய்ந்தவர்.
பித்தளைப் பொத்தானைப் புரட்டி
முதுகிலுள்ள பெயரை உதடசைத்துப் படிக்கிறார்.
முன்பக்கம் அரசாங்கத்தினுடையதாம்,
பின்பக்கம்தான் ஆளுடையதாம்.

எப்படி இதற்குள் வந்தாய் என்று ஒருமுறை கேட்டார்.
தபால்தலை அலுத்துவிட்டது என்றேன்.

பொய்.
பதினேழு வயதில்
பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நின்ற காலைகளில்
முகத்தைப் பார்த்தால் முறைப்பு,
நிலத்தைப் பார்த்தால் கள்ளம்.
நடுவில் மிஞ்சியது தோள்.
நட்சத்திரம் ஒன்றா இரண்டா, வெறும் பட்டையா,
யாரிடம் அட்டையை நீட்டினால் மத்தியானம் வீடு,
யாரிடம் நீட்டினால்
அப்படிப் படித்த அரிச்சுவடி அது.
இங்கே அதைப் பொழுதுபோக்கு என்கிறார்கள்.

தவமலர் போட்டது ஒரே சட்டம்:
"பச்சை உடுப்பு வாசல் தாண்டப்படாது."
இது காக்கி என்றேன்.
"நிறம் எனக்குத் தெரியும்" என்றாள்.
ஆகவே கார் வெயிலில் காய்கிறது.
கராஜின் நிழலில்
யாரோ இறந்த, யாரோ இறக்காத சட்டைகள்.

லொட் இருநூற்றுப் பதினான்கு.
பிஸ்கற் பேணி ஒன்று. பலவகை, உள்ளபடியே.
நிறத் துணிச் சின்னங்கள், துருவேறிய கொளுக்கி,
தொப்பியில் குத்தும் உதயசூரியன்
(எங்கள் ஊர்ச் சுவரில் அதற்கு வாக்குக் கேட்டிருக்கிறார்கள்),
அடியில்
வெட்டியெடுத்த சட்டைக் கை.

இரண்டு பட்டை இருந்தது.
மூன்றாவது இருந்த இடம் இருந்தது.
சுற்றியுள்ள துணியெல்லாம் வெளுத்துப்போக
அந்த இடம் மட்டும் தறியிலிருந்து வந்த நாளின் நிறத்தில்.
பிடுங்கவில்லை. பிரித்திருக்கிறார்கள்,
ஒவ்வொரு தையலாக.
துளைகள் வரிசையாக நிற்கின்றன.

ட்ரெவர் இருபதில் தொடங்கினார்.
மெர்வின் கை தூக்கவில்லை.
எங்கோ ஒரு திரைக்குப் பின்னால் ஒருவன்
நாற்பது, எண்பது, நூற்று நாற்பது என்று ஏறினான்.
என் அட்டை அறுபத்தொன்று.
அதை இறக்க மறந்து நின்றேன்.
நூற்றைம்பது. தரகோடு நூற்று எண்பத்து மூன்று.
"அரைச் சாமானுக்கு முழு விலை" என்றார் மெர்வின்.

என்ன செய்திருப்பான்?
குடித்தானா, பிந்தி வந்தானா, யாரையாவது அறைந்தானா.
இல்லை
முடியாது என்று ஒரு சொல் சொன்னானா.

அந்தச் சாவடியில் ஒருவன் நின்றான்.
இரண்டு பட்டை, கீழே ஒரு கரும்பச்சைத் தழும்பு.
என் அட்டையைப் புரட்டினான், திரும்பப் புரட்டினான்,
பின்னால் நின்ற ஜெயசீலனைக் கூப்பிட்டார்கள்,
என்னைப் போ என்றான்.
முப்பத்தியாறு வருடத்தில்
நான் படித்து முடிக்காத தோள் அது ஒன்றுதான்.

பின்னேரம் தவமலர் கராஜ் வாசலில் நின்றாள்.
"கழுவினியளா?"
கழுவினால் நிறம் ஒன்றாகிப் போகும் என்றேன்.
"போனால் என்ன?"
பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

அவள் பேணியை எடுத்து மூடியைத் தட்டிப் பார்த்தாள்.
"நல்ல பேணி. காற்றுப் போகாது.
பயத்தம் பணியாரத்துக்கு ஆகும்."
சின்னங்களைப் பழைய பேப்பரில் கொட்டிவிட்டு
வாசலைத் தாண்டி உள்ளே போனாள்.

சட்டைக் கை என் கையில்.
குழாய் திறக்கும் சத்தம்.
பேணியைத்தான் கழுவுகிறாள்,
சுடுதண்ணீரில், இரண்டு தரம்.